வாரவங்க ஆபீசரு இல்ல மைனி

ஹலோ… ஆ, சொல்லுங்க மைனி… ஆமா, ஜோஸ்லின்தான் பேசுதேன், என் போன வேற யாரு எடுப்பா… ஆமா ஆமா, ஜங்லிகாட்லதான் நிக்கோம், மீன் ஜெட்டிப் பக்கம். ஆறு பேரும் டீ குடிச்சிட்டு இருக்காக. இன்னும் அரை மணி நேரத்துல மின்னி பே வந்துருவோம்… பூச்செண்டா? எதுக்குப் பூச்செண்டு?… யாரு கையில குடுக்கணும்னா… இருங்க. இருங்க மைனி. எந்தப் பெரிய ஆபீசரு?

டீமா?… டெல்லியிலேருந்தா?… யாரு சொன்னா?… தெருவே சொல்லுதா. சரி, தெருவுக்கு யாரு சொன்னா?… நானா?

நான் வாட்ஸப் குரூப்புல என்ன போட்டேன்? சனிக்கிழம காலையில மெயின்லேண்ட்லேருந்து ஆறு பேரு நம்ம தெருவப் பாக்க வாராக, நடந்தே வருவாக, கேள்வி கேட்டா பதில் சொல்லுங்க, எதையும் மாத்த வேண்டாம், இருக்கபடி இருங்கன்னு போட்டேன். இதுல டெல்லி எங்க வந்துச்சு?… ஆமா… ஆமா, தொப்பி போட்டிருக்காக… ஆமா, நோட்டுல எழுதுதாக… போட்டோவும் எடுக்காக… சரி மைனி. சரி சரி. நீங்க சொல்லுறதும் ஞாயந்தான். நம்ம அந்தமான்ல, மெயின்லேண்ட்லேருந்து கூட்டமா வந்து, ஜெயிலுக்கும் போகாம பீச்சுக்கும் போகாம, குடியிருப்புக்குள்ள நடந்து நோட்டுல எழுதினா, அது இன்ஸ்பெக்‌ஷன் டீமாத்தான் இருக்கும். வேற எவன் இந்த மேட்டுல ஏறி வரப்போறான்.

ஆனா இவுக டூரிஸ்ட்டு மைனி… ஆமா, பீச்சு பாக்க ஹேவ்லாக் போறாகள்லா, அது மாதிரி டூரிஸ்ட்டு… ஆமா, காசு குடுத்துத்தான்… நம்ம தெருவப் பாக்கத்தான்… சிரிக்காதீய… சிரிச்சு முடிங்க, நான் லைன்லதான் நிக்கேன்.

முடிஞ்சுதா? இப்ப அங்கன நிலவரம் என்னன்னு ஒண்ணொண்ணா சொல்லுங்க… பந்தலு. உம்… சேரு அம்பது. ஆறு பேருக்கு அம்பது சேரா?… ரோட்டோரம் சுண்ணாம்புக் கோடு… பேனரு. மூணு பாஷையிலயா… 'மத்தியக் குழுவே வருக'. மாதாவே. அதுல ராஜமாணிக்கம் மாமா போட்டோ எதுக்கு?… தெருச் சங்கத் தலைவரு, சரி, அதுக்குக் கோட் போட்ட போட்டோவா?… இப்பயும் கோட்டுலதான் நிக்காரா. இந்த வெயில்ல.

ஏக் மினிட், மைனி… ஹான் மேடம்? யே? யே சுர்மயி ஹை… நஹி நஹி, காட்தா நஹி மேடம், மர் கயா ஹை… ஆ, சொல்லுங்க. பெங்களூரு அம்மா ஒண்ணு வந்திருக்கு, சீலா மீனு கடிக்குமான்னு கேக்குது. தராசுல கெடக்கு மீனு.

சரி, வல எங்க?… சிலுவைராஜ் அண்ணன் தெரு முனையில வல பின்னிட்டு இருப்பாருல்லா, அவரக் காட்டுறதாத்தான மைனி நான் டூர் கம்பெனிக்கு எழுதிக் குடுத்திருக்கேன்… சுருட்டி உள்ள வச்சாச்சா. அண்ணன்?… ஷேவிங்குக்கு சலூன் போயிருக்காரு. நல்லது. கருவாடு?… ஒங்க கட்டிலுக்குக் கீழயா? எத்தன கிலோ மைனி?… இன்னைக்கு ராத்திரி நீங்க எங்கன படுப்பீய?… தண்ணி டிரம்மு? வாசலுக்கு வாசல் நீல டிரம்மு நிக்குமே… எல்லாத்தையும் கோயிலுக்குப் பின்னால உருட்டிட்டீயளா. மைனி, நீங்க குடுக்கப்போற மனு எதப் பத்தி?… தண்ணி மூணு நாளைக்கு ஒரு தடவதான் வருதுன்னு. அந்த டிரம்மத்தான ஒளிச்சு வச்சிருக்கீய. அத ஒளிச்சுட்டுத் தண்ணி இல்லன்னா எவன் நம்புவான்?… பாக்க லட்சணமா இல்லையாம். சரிதான்.

கேளுங்க மைனி. வந்திருக்கதுல ஜெகநாதன் சாருன்னு ஒருத்தரு, மெட்ராஸ்காரரு, டூர் கம்பெனி ஆளு. அதான் தள்ளி வந்து ஐஸ் பெட்டி மறைவுல நின்னு பேசுதேன், கூட்டத்துல அவருக்கு மட்டுந்தான் தமிழ் தெரியும். அவருக்குப் புடிச்சா வாரா வாரம் ஆளு அனுப்புவாரு. புடிக்கலன்னா திங்கக்கிழம நான் கேம்பல் பே கப்பல் ஏறி அந்தக் கடைசித் தீவுக்குப் போகணும். எங்க அண்ணன் அங்கன கடையில வேல சொல்லி, டிக்கெட்டும் போட்டாச்சு… தெரியும், ஒங்க வீட்டுக்காரரு நல்லதுக்குத்தான் செய்தாரு. நான் அவரக் குத்தம் சொல்லல. ஆனா கல்லாவுக்குப் பின்னால உக்காந்து அடுத்த கப்பல் எப்ப வரும்னு பாத்துட்டு இருக்க என்னால முடியாது மைனி. எனக்கு நடக்கணும், நாலு பேருட்ட வாயடிக்கணும். இந்த ஊர விட்டுப் போக எனக்கு மனசில்ல. அவ்வளவுதான்.

அதனால அரை மணி நேரம் இருக்கு. பேனர எறக்குங்க, வலைய எடுத்துப் போடுங்க, கருவாட்டக் காயப் போடுங்க… ஏன் முடியாது?… நல்லாத்தான் இருக்கு, யாரு இல்லன்னா. ஆனா அவுக நல்லா இருக்கதப் பாக்க வரல மைனி… இல்ல, அழுக்கப் பாக்கவும் வரல… அப்ப எதப் பாக்கன்னா… நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்.

என்ன மெதுவாப் பேசுதீய? யாரு பக்கத்துல?… ம்… ம்… அட. வார டூரிஸ்ட்டையே ஆபீசரா நடிக்கச் சொல்லவா?… சும்மா மனுவ வாங்கிக்கிட்டு, 'பாக்குறோம்'னு ஒரு வார்த்த… மைனி, ஒங்க மூளைக்கு நீங்க மின்னி பேயில இருக்க வேண்டிய ஆளே இல்ல. ஜெகநாதன் சாரு ஆளப் பாத்தாலும் ஆபீசரு மாதிரிதான் இருக்காரு, கண்ணாடியும் தொப்பையுமா. பூச்செண்டு வாங்கி, மால போட்டு, போட்டோ எடுத்து… டூரிஸ்ட்டுக்கு அது ரொம்பப் புடிக்கும். மாமாவுக்கும் சந்தோஷம், சாருக்கும் சந்தோஷம். யாருக்கு என்ன நட்டம்? நான் சாருட்டக் காதுல ஒரு வார்த்த போட்டுட்டா…

யாரு இருமுதது?… ஒச்சம்மா அத்தையா? அவுக மேட்டு உச்சியிலேருந்து எதுக்குக் கீழ எறங்கி வந்தாக, அந்த முட்டிய வச்சிக்கிட்டு?… ஆறு மணிலேருந்தா? காலையில ஆறு மணியிலேருந்து சேர்லயே உக்காந்திருக்காகளா… தனி மனுவா? மாமா மனுவுல இல்லாத என்னது இருக்கு?… யாரு எழுதிக் குடுத்தா… நம்ம தெருப் புள்ள சங்கவியா. வாசிங்க.

ம்… ம்… 'எனக்கு வீட்டுக்குள்ள பைப்பு வேண்டாம்'… ம்… 'அறுபத்திரண்டு படி இருக்கு. பாதியில, முப்பதாவது படிக்கிட்ட ஒரு பைப்பு போட்டாப் போதும்'… கீழ கைநாட்டு.

முப்பதாவது படி… அங்கனதான் அத்தை கொடத்த எறக்கி வச்சு மூச்சு வாங்குவாக.

மைனி, அந்த நடிப்பு வேண்டாம்… வேண்டாம்னா வேண்டாம். சாரு அந்தப் பேப்பர கையில வாங்கிட்டாருன்னா அத்தை பதிலுக்குக் காத்திருப்பாக. அடுத்த மாசம் என்னப் புடிச்சுக் கேப்பாக, ஏட்டி ஜோஸ்லின், அந்த ஆபீசரு என்ன சொன்னாருன்னு. அதுக்கு அடுத்த மாசமும் கேப்பாக. நான் என்ன சொல்ல?… தெரியும். தெரியும் மைனி, டூரு போயிரும். போனாப் போகுது. கேம்பல் பேயிலயும் மனுசந்தான் இருக்கான். போன ஸ்பீக்கர்ல போடுங்க… எல்லாரையும் கூப்பிடுங்க, மாமாவையும்… போட்டாச்சா?

எல்லாருக்கும் வணக்கம். நான் ஜோஸ்லின்… மாசி, ஆப் பீ சுனியே, பாத்மே ஹிந்தி மே போல்தீ ஹூம்… தமிழ் தெரியாத அந்த மாசிக்குப் பொறவு இந்தியில சொல்லுதேன்… இப்ப அங்கன வாரவங்க ஆபீசரு இல்ல. டெல்லி டீம் இல்ல. ஒரு பைப்பு போடவோ ஒரு லைட்டு மாட்டவோ அவுகளுக்கு அதிகாரம் கிடையாது. சுத்திப் பாக்க வந்தவங்க. நான்தான் கூட்டிட்டு வாரேன், எனக்கு ஒரு பொழப்பு ஆகும்னு. ஒழுங்கா வெளக்கிச் சொல்லாதது என் தப்பு. நீங்க விடியகாலமே எழும்பி இவ்வளவும் செஞ்சிருக்கீய… எனக்கு வெக்கமா இருக்கு. அவ்வளவுதான்.

மாமா, ஏசணும்னா ஏசுங்க… ஆமா மாமா… பதினாலு பாயிண்டா… இங்கிலீஷ்ல டைப் அடிச்சு… கோட்டு அயன் பண்ணி… நம்மகிட்ட என்னத்தக் காண வாராகன்னா? வார ஆளு பூரா ஜெயிலப் பாத்து செத்தவங்களுக்காக அழுதுட்டு, பீச்சுல போயிக் குளிச்சிட்டு, பிளைட்டு ஏறிருதான். இந்த ஊர்ல மனுசன் குடியிருக்கானான்னே அவனுக்குத் தெரியாது. எனக்கு அதுல ஒரு கோவம். பத்து வருஷக் கோவம். அதான் கூட்டிட்டு வந்தேன்… சரி மாமா. கோட்டக் கழட்டிட்டுக் கொஞ்சம் உக்காருங்க.

யாரு?… அத்தையா, குடுங்க. அத்தை… ஆமா அத்தை, பாக்கத்தான் வாராக… இல்ல, வேற ஒண்ணுக்கும் இல்ல, சும்மா பாக்க… ஆறு பேரு… கை காலெல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஏன்?… ஒருத்தருக்குக் கொஞ்சம் தொப்ப… இன்னைக்குத் தண்ணி முறையா? எப்ப வரும்?… பதினோரு மணிக்கா, நாங்க வார நேரந்தான்… என்னது?… அத்தை, சும்மா சொல்லுதீயளா நெசமாவா?… கொடத்தோடயா? அறுபத்திரண்டும்?… பாக்கதுன்னா அப்படித்தான் பாக்கணுமாக்கும்… அத்தை, அவுக விருந்தாளி. எப்படிக் கேப்பேன்?… தண்ணி மொதல்ல, பிரியாணி பொறவா. பிரியாணி வேறயா? மைனி, பிரியாணின்னு நீங்க சொல்லவே இல்ல.

அத்தை, என்னச் சிரிக்க வைக்காதீய, நான் இங்கன அழுதுட்டு நிக்கேன்… ஆமா, அழுதேன், அதுக்கென்ன. இல்ல, என்னால கேக்க முடியாது. சாருட்டப் போயி ஒரு கொடத்தத் தூக்குங்கன்னு எந்த வாயால…

…சார்.

நீங்க எப்ப சார் வந்தீங்க இந்தப் பக்கம்?… ஓ. எதுலேருந்து கேட்டீங்க?… கண்ணாடிலேருந்தா. அப்ப தொப்பையும்… மன்னிச்சிருங்க சார். அது அன்பா சொன்னது… இல்ல சார், மறைக்கல, இப்ப சொல்லத்தான் இருந்தேன். நான் எழுதிக் குடுத்த மாதிரி தெரு இன்னைக்கு இருக்காது. வல இல்ல, கருவாடு இல்ல, டிரம்மு இல்ல. பந்தலு இருக்கு, ஒரு பேனரு இருக்கு. உங்க மனசுக்கு என்ன தோணுதோ அத கம்பெனியில சொல்லுங்க, எனக்கு வருத்தமில்ல… இல்ல சார், வருத்தந்தான். பொய் எதுக்கு… படியா? அறுபத்திரண்டு சார், நான் சின்னப் புள்ளையில எண்ணியிருக்கேன்… தனியாத்தான் இருக்காங்க. தண்ணி வர்ற அன்னைக்கு எட்டு கொடம்… ஆமா, எட்டு தடவையும் அவங்களேதான். நாங்க பாக்கிற நேரம் ஆளுக்கொண்ணு தூக்குவோம், எல்லா நாளும் பாக்குறதில்ல… சார்? எங்க போறீங்க சார்?

மைனி, இருக்கீயளா? சாரு எல்லாத்தையும் கேட்டுட்டாரு… அந்த அஞ்சு பேருட்டயும் போயி என்னமோ பேசுதாரு… இருங்க, பெங்களூரு அம்மா செருப்பக் கழட்டி ஷூ மாட்டுது… அந்தத் தாடிக்காரப் பையன் கையத் தூக்குதான்… அவன் பொண்டாட்டியும்… மைனி, அவுக என்னப் பாத்து ஏதோ கத்துதாக… ஹான்? ஹான் ஜி, மட்கா நஹி, பிளாஸ்டிக் கா… பதினஞ்சு லிட்டர், ஹான்… மண் கொடமான்னு கேக்காக… மைனி, வாராக. கொடம் தூக்க வாராக. ஆறு பேரும்.

அழாதீய. ஒங்களத்தான் சொல்லுதேன், மூக்க உறிஞ்சுறது கேக்குது. கொடத்தக் கழுவி வைங்க… பேனரு இருக்கட்டும், இவ்வளவு கஷ்டப்பட்டுக் கட்டியிருக்கீய. அந்த 'மத்தியக் குழு'வ மட்டும் ஒரு சேலையப் போட்டு மறைங்க… மாமா மூஞ்சிய மறைச்சிராதீய, பொறவு அவருக்கு ஒரு மனு எழுதணும். அந்தப் பதினாலு பாயிண்ட்டத் தூரப் போட வேண்டாம்னு சொல்லுங்க. திங்கக்கிழம நானும் அவரும் ஆபீசுக்கு நேரா கொண்டு போயிக் குடுப்போம், அத்தை பேப்பரயும் சேத்து… ஆமா, திங்கக்கிழமதான். தெரியும், கப்பலும் திங்கக்கிழமதான்.

இருங்க, சாரு திரும்ப வாராரு… சொல்லுங்க சார்… அடுத்த வாரமா?… நெசமாவா சார்?… இல்ல சார், காது நல்லாத்தான் கேக்குது, இன்னொரு தடவ சொல்லுங்களேன்… சனிக்கிழம வேண்டாம் சார், வெள்ளிக்கிழம வச்சுக்கலாமா?… அன்னைக்குத்தான் சார் தண்ணி வரும், இன்னைக்கு விட்டா செவ்வா, செவ்வாய விட்டா வெள்ளி… எத்தன பேரு கூட்டிட்டு வரலாம்னா… ஒரு நிமிஷம் சார், கேட்டுச் சொல்றேன்.

மைனி, கேட்டுச்சா?… கத்தாதீய, காது போகுது. அண்ணன்ட்ட நானே பேசிக்கிடுதேன். இப்ப அத்தைட்ட ஒண்ணு கேளுங்க, சாரு காத்துட்டு நிக்காரு. வெள்ளிக்கிழம எத்தன கொடம் வேணும்?… எட்டு. சரி… என்ன சொல்லுதாக?… போர்வ தொவைக்க இன்னும் ரெண்டு கொடமா… சரி. சரி, வைக்கேன் மைனி.

சார், பத்து பேரு.