ஆயிரத்து முப்பது

அந்த நாற்காலி வேணாம் தம்பி, அதுக்குக் கால் சரியில்ல. இதுல உக்காருங்க. பையக் கீழ வச்சுக்கலாம், யாரும் எடுத்துக்கிட்டு ஓட மாட்டாங்க. உள்ள ஸ்பேனர் கிடந்து உருளுது, வேலையிலிருந்து நேரா வர்றீங்கபோல.

சரி, நீங்க சொன்னது புரிஞ்சுது. நூத்துல மூணு பேர மட்டும் எடுக்கற காலேஜ். அதுல உங்க பொண்ணுக்கு இடம் கிடைச்சாச்சு. வர்ற பதினெட்டாம் தேதி கொண்டுபோய் விடணும். பெத்தவங்க வரலாம்னு எல்லார் வீட்டுக்கும் வர்ற அழைப்பு உங்க வீட்டுக்கும் வந்திருக்கு. ஆனா பொண்ணு, அம்மா மட்டும் வந்தா போதும், அப்பா வரவேணாங்கறா. ஏன்னு கேட்டா எழுந்து போய்க் கதவச் சாத்திக்கறா. என்னத்த எழுதித்தான் இடம் வாங்குனே, அதையாவது காட்டுன்னா, அதையும் காட்ட மாட்டேங்கறா. அதான் மூணு மாசமா அவள உக்கார வச்சு அப்ளிகேஷன் எழுத வச்ச கெழவியத் தேடி வந்திருக்கீங்க. சரியா?

சொல்றேன். சொல்லாம அனுப்ப மாட்டேன். லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்கள வெளிய எடுக்கறவரு நீங்க, கொஞ்சம் பொறுக்கத் தெரியாதா உங்களுக்கு.

மொதல்ல அந்த நுழைவுப் பரீட்சை. ஆயிரத்து அறுநூறுக்கு நடத்தறான். அந்தக் காலேஜுக்குள்ள போறவங்க எல்லாம் ஆயிரத்து ஐநூறத் தாண்டுனவங்க. உங்க பொண்ணு மொத தடவ தொள்ளாயிரத்து எழுவது. ரெண்டாவது தடவ ஆயிரத்து முப்பது. நீங்களும் வீட்டம்மாவும் இதே ரூம்ல உக்காந்துக்கிட்டு, ஸ்கூல்ல எல்லாம் நல்லா வாங்குவா மேடம், இந்தப் பரீட்சை ஹாலுக்குள்ள போனா மட்டும் கை நடுங்கிருதுன்னீங்க. கை நடுங்குனத யாரு பாக்கறா. நம்பர்தான் போய்ச் சேருது.

அப்பவே உங்கள திருப்பி அனுப்பியிருக்கணும். வேற ஏதாவது சின்ன காலேஜாப் பாருங்கன்னு. அனுப்பல, ஏன்னா அன்னிக்கு அவ ஒரு பக்கம் எழுதிக் காட்டுனா. முப்பத்தொரு வருஷம் காலேஜ்ல இலக்கியம் நடத்துனவ நான். ஒரு வாக்கியத்துக்கு உயிர் இருக்கா, இல்ல சும்மா உடுத்திக்கிட்டு நிக்குதான்னு பாத்ததும் தெரிஞ்சுரும். அவளோடதுக்கு உயிர் இருந்துச்சு. அது எனக்குப் பேராசை. இந்த வயசுல வேற என்ன ஆசை வரப்போகுது.

அங்க எப்படிப் பாக்கறாங்கன்னு தெரியுமா. ஒரு ஆள் உக்காந்திருப்பாரு. ஒரு நாளைக்கு எம்பது அப்ளிகேஷன். ஒண்ணுக்கு அஞ்சாறு நிமிஷம். மார்க்கப் பாப்பாரு, அப்புறம் புள்ளைங்க தன்னப் பத்தி எழுதி அனுப்புன கட்டுரையப் பாப்பாரு. மார்க் உசரத்துல இருந்தா கட்டுரை ஏனோதானோன்னு இருந்தாக்கூட போதும். மார்க் கீழ கிடந்தா, ஏன் கிடக்குதுன்னு அவருக்கு யாராவது சொல்லணும். காரணம் இல்லாத கம்மி மார்க்குக்குப் பேரு மக்கு. காரணம் இருந்தா அதே மார்க்குக்குப் பேரு போராட்டம். அவ்வளவுதான் என் தொழில்.

சிரிப்பீங்க. தாத்தா செத்துப்போனதால பரீட்சை சரியா எழுதலங்கற கட்டுரை மட்டும் இந்த அலமாரில நாப்பத்தி மூணு இருக்கு. ஒரு வீட்டுத் தாத்தா ரெண்டு தடவ செத்திருக்காரு, அண்ணன் எழுதுனப்ப ஒரு தடவ, தங்கச்சி எழுதுனப்ப ஒரு தடவ. ரெண்டு தடவையும் அவருதான் அந்தப் புள்ளைங்கள இங்க ஸ்கூட்டர்ல கொண்டுவந்து விட்டாரு.

உங்க வீட்லயும் தேடுனேன். ஒரு சாவு இல்ல. பெருசா ஒரு வியாதி இல்ல. நீங்க குடிக்கறீங்களான்னு கேட்டேன், பொண்ணு என்னய மொறச்சுப் பாத்தா. அப்பாவும் அம்மாவும் சண்டை போடுவாங்களான்னு கேட்டேன். ஃபேன எவ்வளவு வேகத்துல வைக்கறதுன்னு போடுவாங்கன்னா. இவ்வளவு ஒழுங்கான குடும்பத்த வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, சொல்லுங்க.

அப்ளிகேஷனுக்குன்னு மொத மொதல்ல அவ எழுதிட்டு வந்தது உங்களப் பத்தி.

ஆமா, உங்களப் பத்திதான். தெரியாதா? சொல்லலையா அவ?

பத்து வயசுல, ஸ்கூல் லீவு நாள்ல அவள வேலைக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருக்கீங்க. நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல லிஃப்ட் நின்னுபோச்சு. உள்ள ரெண்டு பேர், அதுல ஒருத்தர் வயசான அம்மா. டார்ச்ச இவ கையில கொடுத்துட்டு நீங்க தரையில குப்புறப் படுத்து அந்த இடுக்கு வழியா அவங்ககிட்ட பேசுனீங்களாம். இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்னு அவங்க கேட்டா அதுக்கு மட்டும் பதிலே சொல்ல மாட்டீங்களாம். உங்க பேர் என்ன, எந்த வீடு, உங்களுக்காக வீட்ல யாரு காத்துக்கிட்டு இருக்கான்னு ஒண்ணொண்ணாக் கேப்பீங்களாம். அந்த அம்மா உள்ளயே நின்னுக்கிட்டு அவங்க பேத்திக்குப் பல்லு விழுந்த கதைய சொல்லி முடிச்சாங்களாம். கடைசி வரி எனக்கு மனப்பாடம். அப்பா கதவத் திறக்கறதுக்குள்ள அவங்க ரெண்டு பேரும் வெளிய வந்துட்டாங்கன்னு முடிச்சிருந்தா.

நான் எழுந்து ஜன்னல்கிட்ட போய் நின்னுக்கிட்டேன். எத்தன வருஷமாச்சு அந்த மாதிரி ஒரு வரி படிச்சு. அப்புறம் திரும்பி வந்து, இது வேணாம்மான்னு சொன்னேன்.

ஏன்னா? ஆயிரத்து ஐநூறு வாங்குன பொண்ணு அத எழுதியிருந்தா அது வைரம். இவ எழுதுனா, இப்படி ஒரு அப்பா இருந்துமா இந்த மார்க்குன்னு கேப்பாரு அந்த ஆளு. நல்ல அப்பா உங்க பொண்ணுக்குக் கட்டுப்படியாகாது தம்பி. அந்த மார்க்குக்கு நீங்க ரொம்ப அதிகம்.

அந்தத் தாளா? இல்லியே. அவளயே கிழிக்கச் சொன்னேன். வச்சிருந்தா கை திரும்பத் திரும்ப அங்கதான் போகும். நாலாக் கிழிச்சா. இன்னும் சின்னதா கிழின்னேன்.

தண்ணி குடிங்க. செம்புல இருக்கு.

அப்புறம் நான் கேட்டேன், இந்த மார்க்கால உன்னய யாராவது அசிங்கப்படுத்துனாங்களான்னு. மூணாவது நாள்தான் சொன்னா. மார்க் வந்த வாரம், ஞாயித்துக்கிழமை, உங்க அண்ணன் குடும்பம் சாப்பிட வந்திருந்தாங்களாமே. அண்ணன் பையன் ஆயிரத்து ஐநூத்தி நாப்பது. அதையே அவங்க சாம்பாருக்கும் சொல்லி, ரசத்துக்கும் சொல்லி, மோருக்கும் சொல்லிக்கிட்டு இருந்திருக்காங்க. நீங்களும் எவ்வளவு நேரந்தான் தாங்குவீங்க. சமையக்கட்டுப் பக்கம் பாத்து, ஏய் ஆயிரத்து முப்பது, பெரியப்பாவுக்குத் தண்ணி கொண்டான்னு கூப்பிட்டீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அவ தண்ணி கொண்டுவந்து வச்சா.

ஞாபகம் இருக்குல்ல. தலையத் தொங்கப் போடாதீங்க. ஒவ்வொரு அப்பனும் என்னிக்காவது ஒண்ணு சொல்றதுதான். எங்கப்பா சொன்னது எனக்கு அறுவத்தேழு வயசுலயும் காதுல இருக்கு.

அங்கதான் கட்டுரை ஆரம்பிக்குது. எங்கள் வீட்டில் என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எனக்கு ஒரு எண் இருக்கிறது. மொத வரி அது. அவளே எழுதுனது. நான் அதுல கமாவக்கூடத் தொடல.

ரொம்ப நல்லா வேலை செஞ்சுது. காலேஜ்லேர்ந்து அவளுக்குத் தனியா ஒரு கடிதம் வந்துச்சு, அது உங்க கண்ணுல பட்டிருக்காது. அடுத்தடுத்துப் படிச்ச மூணு பேரும் அழுதாங்களாம். இனிமே உன்ன எல்லாரும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம்னு எழுதியிருந்தாங்க. லீவுக்கு வீட்டுக்குப் போய்த்தான் ஆகணும்னு இல்ல, ஹாஸ்டல்லயே இருந்துக்கலாம், நாலு வருஷத்துக்கும் ஏற்பாடு பண்ணிட்டோம்னு இருந்துச்சு. நல்ல மனுஷங்க.

அதனாலதான் சொல்றேன், பதினெட்டாம் தேதி நீங்க போகக்கூடாது. எனக்குத் தெரியும் உங்கள. பெட்டியத் தூக்கிக்கிட்டு முன்னால நடப்பீங்க. ஹாஸ்டல் கட்டில் ஆடுதுன்னு ஸ்பேனர எடுத்து முடுக்கிக் குடுப்பீங்க. பக்கத்து ரூம் கட்டிலையும் முடுக்குவீங்க. அந்தக் கட்டுரையப் படிச்சவங்க அங்க சுத்திக்கிட்டு இருப்பாங்க. இவரா அவருன்னு ஒருத்தர் யோசிச்சாப் போதும். நீங்க அங்க நல்லவராத் தெரியக்கூடாது. நாலு வருஷம், அவ்வளவுதான். போன்ல பேசுனாலும் கொஞ்சம் சுருக்கமாப் பேசுங்க.

என்ன? சத்தமாச் சொல்லுங்க.

ஒரே ஒரு தடவதான் சொன்னீங்களா.

தெரியும். அவளும் மொதல்ல அப்படித்தான் எழுதியிருந்தா. ஒரு நாள்னு. ஒரு நாள் சொன்னதுக்கெல்லாம் எவன் இடம் குடுப்பான், தினமும்னு போடுன்னேன். மாட்டேன்னா. அப்பா அப்படிக் கூப்பிட்ட மறுநாள் காலைல ஸ்கூல் பையத் திறந்தா உள்ள ஒரு புதுப் பேனா இருந்துச்சு மேடம், அப்பாதான் வச்சுட்டுப் போயிருந்தாரு, எழுதுனா அதையும் சேத்து எழுதுவேன்னா. பேனா வந்தா கட்டுரை படுத்துரும்னேன். அழுதா. மார்க் தாள எடுத்து அவ முன்னால வச்சுட்டு, யோசிச்சுக்கன்னு சொல்லிட்டு நான் உள்ள டீ போடப் போயிட்டேன்.

வந்து பாத்தா மாத்தியிருந்தா. ஒரு வார்த்தைதான். அதுக்கு ஏத்த மாதிரி அந்த மொத வரியையும் மேல எழுதிச் சேத்திருந்தா.

காலேஜுக்கு எழுதிப் போட்டுப் பாருங்களேன், நான் அப்படிப்பட்டவன் இல்லேன்னு. பொய் எழுதி உள்ள வந்த பொண்ணுன்னு மறுநாளே திருப்பி அனுப்பிருவாங்க. போட மாட்டீங்க. அவளுக்கும் அது தெரியும்.

பையத் தூக்கிட்டீங்க. சரி, போயிட்டு வாங்க. வீட்ல போய் அவகிட்ட ஒண்ணும் கேட்டு நிக்காதீங்க. அவளுக்கு உங்கமேல கோவம்னுதானே இத்தன நாளா நெனச்சுக்கிட்டு இருந்தீங்க. கோவமா இருந்தா உங்க மூஞ்சியப் பாத்திருப்பா தம்பி.