ஈஸ்டர் லீவில நீ எங்கை போனனீ?

நிருஷா: அசையாமல் நில்லுங்கோ அம்மா. சீலைக் கொய்யகம் திரும்பவும் கலைஞ்சுபோச்சு, மடிப்பு நிக்குதில்லை.

அம்மா: நான் அசையேல்லை. நீதான் வடிவாப் பிடிக்கேல்லை.

நிருஷா: நேற்றுத்தானே வந்து இறங்கினனான். நித்திரை இல்லை... ஊசியைத் தாங்கோ.

அம்மா: இந்தா. வியன்னாவில படிச்சனியோ, இல்லாட்டி ஊர் சுத்தினது மட்டும்தானோ? ராத்திரி நீ சொன்ன கதையளைப் பாத்தா வகுப்புப் பக்கமே போன மாதிரித் தெரியேல்லை.

நிருஷா: படிச்சனான் அம்மா. வெள்ளிக்கிழமை பின்னேரம் வெளிக்கிட்டா ஞாயிறு திரும்பிவிடுவன். அங்க எல்லா நாடும் பக்கத்தில பக்கத்தில. நாங்கள் ரொறொன்ரோ போற நேரத்துக்கு அங்க மூண்டு நாடு கடக்கலாம்.

அம்மா: அப்ப றோமுக்கு வெறுங்காலோட போனதும் வெள்ளிக்கிழமையோ?

நிருஷா: வெறுங்கால் இல்லை, பாத்றூம் செருப்பு. றெயினில சப்பாத்தைக் கழட்டிக் கீழ வைச்சிட்டுப் படுத்தன். எழும்பிப் பாத்தாக் காணேல்லை.

அம்மா: களவு போற இடத்தில ஆரும் சப்பாத்தைக் கழட்டி வைப்பினமோ?

நிருஷா: படுக்கிற இடத்தில சப்பாத்தோட ஏறாதை எண்டு என்னை வளத்தது ஆர்? அந்தப் பெட்டியில மற்ற எல்லாரும் சப்பாத்தோடதான் படுத்தவை. கழட்டினது நான் ஒருத்திதான்.

அம்மா: பழி என்னிலயே வந்து விழுந்தது!

நிருஷா: சிரிக்காதேங்கோ, சீலை இறங்குது... தோளைக் கொஞ்சம் நிமித்துங்கோ.

அம்மா: லிஸ்பனில என்ன செய்தனீ? அங்க இருந்து நீ ஃபோனே எடுக்கேல்லை.

நிருஷா: லிஸ்பனிலதான் அம்மா நிம்மதியா இருந்தன். அந்த ஊரில மட்டும்தான் எங்கடை சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லை. மற்ற எந்த ஊரில இறங்கினாலும் நீங்கள் ஒரு நம்பர் அனுப்புவீங்கள்... சித்தப்பாவின்ரை மச்சான், பெரியம்மாவின்ரை பெறாமகள். பாரிசில ஒரு நாளில மூண்டு வீட்டில சாப்பிட்டனான். ஈபிள் கோபுரத்தைப் பஸ்ஸுக்குள்ளை இருந்துதான் பாத்தது.

அம்மா: சாப்பாடு போட்ட சனத்தை நக்கலடிக்காதை. அதுகள் இல்லாட்டி நீ பாண் துண்டோட கிடந்திருப்பாய்.

நிருஷா: அம்மா... ஒண்டு கேக்கட்டே?

அம்மா: கேள்.

நிருஷா: இண்டைக்குக் கலியாணத்தில பிருந்தன் அண்ணாவுக்கு ஆராத்தி வேற ஆரும் எடுக்கட்டுமே.

அம்மா: ஏன்? எனக்கென்ன?

நிருஷா: உங்களுக்கு முழங்கால் நோ எல்லோ. ஆராத்தித் தட்டோட அவ்வளவு நேரம் நிக்கவேணும்...

அம்மா: இவ்வளவு நேரமும் நீ கொய்யகம் பிடிக்க நான் நிண்டுகொண்டுதானே இருக்கிறன்.

நிருஷா: அதில்லை... லவால் மண்டபம் நிறையச் சனம். சிவாஜினி மாமியின்ரை வாய் உங்களுக்குத் தெரியும்தானே.

அம்மா: சிவாஜினிதான் என்னைக் கேட்டவள். அண்ணைக்கும் தனக்கும் ஒரே மகன், மாமிக்காரி நான் எடுக்கவேணும் எண்டு வீடு தேடி வந்து சொன்னவள்.

நிருஷா: இப்ப கேப்பா. நாளைக்கு அதுகளுக்கு ஒரு கரைச்சல் வந்தா, ஆராத்தி எடுத்தது ஆர் எண்டு முதல் கேக்கிறதும் அவதான்.

அம்மா: என்ரை கையில என்ன குறை?

நிருஷா: குறை எண்டு நான் சொல்லேல்லை...

அம்மா: பிறகு?

நிருஷா: அப்பா எங்கையெண்டு தெரியாது அம்மா. பதினைஞ்சு வருஷம்...

அம்மா: தெரியாட்டி? தெரியாத வரைக்கும் நான் சுமங்கலி. ஐயரைக் கேட்டுத்தான் பொட்டு வைக்கிறன். உன்னையும் என்னையும் முதல் பிளேனில ஏத்திவிட்டு, தான் வேற வழியால பின்னுக்கு வாறன் எண்டு சொன்ன மனுசன். உக்ரேனுக்கு வந்து ஃபோன் எடுத்தது. எல்லை தாண்டிப் போட்டு எடுக்கிறன் எண்டது. எடுக்கேல்லை. அவ்வளவுதான் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நிருஷா: ...ஓம்.

அம்மா: என்ன ஓம்?

நிருஷா: ஓமெண்டா ஓம். மற்றப் பக்கம் திரும்புங்கோ. முந்தானை குத்தவேணும்.

அம்மா: புடாபெஸ்ட் கதையை நீ முழுக்கச் சொல்லேல்லை. வெந்நீர்க் குளத்தில குளிச்சனியாம். என்ன உடுப்போட இறங்கினனீ?

நிருஷா: அந்தக் கேள்வி மட்டும் வேண்டாம்.

அம்மா: சரி, சூரிச்சைச் சொல்லு. தியாகலிங்கம் அண்ணை வீட்டில வடிவாப் பாத்தவையோ?

நிருஷா: பாத்தவை. அவர் தன்ரை காரில ஏத்தி ஒவ்வொரு ஏரியையும் காட்டினவர். எல்லா ஏரியும் ஒரே மாதிரித்தான். ஒவ்வொண்டுக்கும் முன்னால என்னை நிப்பாட்டிப் படமெடுத்தவர்.

அம்மா: எனக்கும் அனுப்பினவர். ஈஸ்டருக்கு முதல் வியாழக்கிழமையே நீ வெளிக்கிட்டிட்டியாம், இன்னும் ரண்டு நாள் நிண்டிருக்கலாம் எண்டு குறைப்பட்டவர்.

நிருஷா: ...ஓம். படிப்பு வேலை கொஞ்சம் கிடந்தது.

அம்மா: வியன்னாவுக்கு வந்து சேந்திட்டன் எண்டு நீ எனக்குச் செவ்வாய்க்கிழமைதானே சொன்னனீ. அவ்வளவு தூரமோ?

நிருஷா: இடையில மலையேறப் போனம்.

அம்மா: போனம் எண்டா? ஆரார்?

நிருஷா: சிநேகிதியள்தான்.

அம்மா: உன்ரை அறையில இருந்த சென்னைப் பிள்ளை... அனுப்ரியா, அவளும் வந்தவளோ?

நிருஷா: ஓம், அவளும்.

அம்மா: அவள் அந்த லீவுக்கு அக்காவின்ரை கலியாணம் எண்டு சென்னைக்குப் போனவள் எல்லோ? நீதான் சொன்னனீ.

நிருஷா: நீங்கள் என்னம்மா... பொலிஸோ? உண்மையான பொலிஸே என்னை இவ்வளவு கேக்கேல்லை.

அம்மா: என்ன பொலிஸ்?

நிருஷா: ஒண்டுமில்லை. அது ஒரு பகிடிக் கதை.

அம்மா: பகிடி எண்டாச் சொல்லன். சிரிப்பம்.

நிருஷா: ஒரு சின்ன ஊர்... கற்பூரம் கொளுத்தினனான். ஒரு கிழவி கண்டிட்டு, இவள் நெருப்பு வைக்கிறாள் எண்டு பொலிசைக் கூப்பிட்டிட்டா. ரண்டு பேர் வந்தவை. ஒருத்தனுக்கும் இங்கிலிஸ் தெரியாது. நான் கற்பூரப் பெட்டியைக் காட்டி, சாமி, சாமி எண்டு கும்பிட்டுக் காட்டினன். ஒருத்தன் வாங்கி மணந்து பாத்திட்டு, தடிமனுக்குப் பூசுற மருந்தோ எண்டு நெஞ்சில தேச்சுக் காட்டினவன்... பேந்து விட்டிட்டினம். சிரிப்பு வரேல்லையோ?

அம்மா: கற்பூரம் ஏது?

நிருஷா: நீங்கள் சூட்கேசுக்குள்ளை விபூதிப் பையோட வைச்சுவிட்டதுதான்.

அம்மா: வைச்சது எனக்குத் தெரியும். மலையேறப் போன பிள்ளை அங்க எதுக்கு முன்னால கொளுத்தினது எண்டு கேக்கிறன்.

நிருஷா: ஃபோன் அடிக்குது.

அம்மா: அடிக்கட்டும்.

நிருஷா: மாமா அம்மா. நகுலேஸ் மாமா. எடுக்காட்டிப் பேசுவார்.

அம்மா: ஸ்பீக்கரில போடு.

மாமா: ஜெகதா! இன்னும் வெளிக்கிட்டு முடியேல்லையோ? நான் லவால் பாலத்தால இறங்கிட்டன். இப்ப உங்கடை சென்ட் லோரன்டுக்குள்ளை வந்திடுவன்.

அம்மா: முடிஞ்சுது அண்ணை. முந்தானை மட்டும்தான்.

மாமா: மருமகள் நிக்கிறாளோ? என்னடி, ஐரோப்பாவில ஒரு நாட்டையாவது மிச்சம் விட்டிட்டு வந்தனியோ?

நிருஷா: ரண்டு மூண்டை விட்டிருக்கிறன் மாமா. உங்களுக்கெண்டு.

மாமா: எனக்கு வேண்டாம். ஒருக்கா லொறிக்குள்ளை கிடந்து பாத்தது காணும்... ஜெகதா, உன்ரை மருமேன் மண்டப வாசலில உன்ரை ஆராத்தி இல்லாமல் கால் எடுத்து வைக்கமாட்டானாம். தட்டோட நீ நிண்டாத்தானாம் உள்ளுக்கு வருவான். சிவாஜினி தட்டெல்லாம் அடுக்கிப்போட்டாள்.

நிருஷா: மாமா, அம்மாவுக்கு முழங்கால் கொஞ்சம்... வேற ஆரும் எடுத்தா என்ன?

மாமா: என்ன முழங்கால்? ஜெகதா, ஏலாதோ?

அம்மா: எனக்கு ஒண்டுமில்லை அண்ணை. இவளுக்கு நித்திரை இல்லாத விசர். நீ வா.

மாமா: கெதியா இறங்குங்கோ. வாசலில கார் நிப்பாட்ட விடாங்கள்.

நிருஷா: ...வைச்சிட்டார்.

அம்மா: ஏன்ரி அப்பிடிச் சொன்னனீ?

நிருஷா: எடுக்காதேங்கோ அம்மா.

அம்மா: முழங்கால் எண்டு இனிச் சொல்லாதை.

நிருஷா: சொல்லேல்லை. ஆனா எடுக்காதேங்கோ. என்னைக் கேள்வி கேக்காமல்... ஒருக்கா எனக்காக.

அம்மா: அங்க இன்னும் பனி கிடந்ததோ?

நிருஷா: எங்கை?

அம்மா: நீ போன இடத்தில.

நிருஷா: ...மரத்துக்குக் கீழ கொஞ்சம் கிடந்தது. வெய்யில் படாத பக்கம்.

அம்மா: ம்.

நிருஷா: அம்மா, கதிரையில இருங்கோ.

அம்மா: இருந்தாச் சீலை கசங்கும். நிண்டு கேக்கிறன். சொல்லு.

நிருஷா: கலியாணம் முடியட்டும் எண்டு நினைச்சன். இல்லை... சொல்லவே கூடாது எண்டுதான் நினைச்சன். பிளேனில வரேக்கை முழுக்க அதுதான்.

அம்மா: சொல்லு பிள்ளை.

நிருஷா: அப்பா எல்லை தாண்டி இந்தப் பக்கம் வந்திட்டார் அம்மா. சுலோவாக்கியாவுக்குள்ளை. வியன்னாவில இருந்து ஒரு நாள் பயணம்தான். என்ரை பாஸ்போட்டை ஒருத்தனும் திறந்துகூடப் பாக்கேல்லை... எல்லையோரம் ஊரூரா பஸ் ஏறி அப்பாவின்ரை படத்தைக் காட்டித் திரிஞ்சன். ஒரு ஊரில சேர்ச் பாதர் படத்தை வாங்கவே இல்லை. என்ரை முகத்தைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவர். பிறகு கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனவர். சேர்ச்சுக்குப் பின்னால... ஆக்களைப் புதைக்கிற சவக்காலை. கடைசி வரிசை. சின்னக் கல்லு.

அம்மா: அழாதை. மூக்கைத் துடை. சொல்லு.

நிருஷா: ஆனந்தராசா எண்டு வெட்டிக்கிடக்கு. தமிழில அம்மா! அந்தக் காட்டுக்குள்ளை தமிழ் ஆருக்குத் தெரியும்? ஆர் வைச்ச கல்லெண்டு பாதரை எத்தினை விதமாக் கேட்டன். அவருக்கு விளங்கேல்லை. பேந்து கல்லுக்கு முன்னால இருந்து கற்பூரம் கொளுத்தினன். அதுக்குத்தான் பொலிஸ் வந்தது. இப்பிடிப் பாக்காதேங்கோ.

அம்மா: வடிவா வைச்சிருக்கினமோ அந்த இடத்தை?

நிருஷா: ஓம். புல்லு வெட்டியிருந்தது. ஆரோ ஒரு கண்ணாடிக் கிளாசில மெழுகுதிரி வைச்சிருந்தவை.

அம்மா: ம்... நல்ல சனம்.

நிருஷா: அம்மா, எனக்கு உந்தப் பொட்டு, ஆராத்தி ஒண்டிலையும் நம்பிக்கை இல்லை. சாகுமட்டும் நீங்கள் பொட்டு வையுங்கோ. நானே வைச்சுவிடுறன். ஆனா இது ஒரு நாளைக்கு வெளியில வரும். வந்தா, தெரிஞ்சுகொண்டே எடுத்தவள் எண்டு மாமி உங்களைக் கிழிச்சுப்போடுவா. பிருந்தன் அண்ணா வீட்டில ஒரு கோப்பை உடைஞ்சாலும் உங்களைத்தான் சொல்லுவினம். நேற்றுவரைக்கும் உங்களுக்குத் தெரியாது. இப்ப நான் சொல்லிப்போட்டன். தெரிஞ்சுகொண்டு இனி எப்பிடியம்மா எடுப்பீங்கள்? ...மாமா கீழ ஹோர்ன் அடிக்கிறார். நான் என்ன சொல்லட்டும்?

அம்மா: வாறம் எண்டு சொல்லு... அந்தக் கல்லு நான் வைப்பிச்சது பிள்ளை. அப்பாவோட கூட வந்தவன், சேவியர் எண்டு ஒரு பெடியன். பிடிபட்டு, ஊருக்குத் திருப்பி அனுப்பி, எத்தினையோ வருஷத்துக்குப் பிறகு பாரிசுக்கு வந்து என்னைத் தேடிப்பிடிச்சு ஃபோன் எடுத்தவன். பனிக்குள்ளை களைச்சுப்போய் இருந்த மனுசன் பிறகு எழும்பேல்லையாம். நான் பேரைக் கடதாசியில எழுதிப் படமெடுத்து அவனுக்கு அனுப்பினன். கல்லு வெட்டினவன் என்ன எழுத்தெண்டு தெரியாமலே பாத்துக் கீறினவன். மாமாவுக்கும் தெரியாது, ஒருத்தருக்கும் தெரியாது. நீ அப்பத்தான் பெரியபிள்ளையாகி அறைக்குள்ளை இருக்கிறாய், அடுத்த கிழமை உனக்குத் தண்ணி வார்ப்பு. நான் பொட்டை அழிச்சிருந்தா, மண்டபத்தில கடைசிக் கதிரையில என்னை இருத்திப்போட்டு, ஆரோ ஒருத்தி என்ரை பிள்ளைக்கு ஆராத்தி எடுத்திருப்பாள். நான் விடேல்லை. வாயைப் பொத்திக்கொண்டு நானே எடுத்தனான். உனக்கு முன்னால அந்தத் தட்டைச் சுத்தேக்கை எனக்கு எல்லாம் தெரியும்... சொல்லு, அதால நீ கெட்டுப் போனனியோ?