இடி இல்லாத செவ்வாய்க்கிழமை

ஷார்மைன்: அப்பா, அண்ணன் ரூம் சாவியைக் குடுங்க.

டொமினிக்: என்ன கேட்ட?

ஷார்மைன்: திமோத்தி அண்ணன் ரூம். மாடியில, முன் ரூம்.

டொமினிக்: அதை மட்டும் கேக்காதன்னு உனக்கு எத்தனை தடவை...

ஷார்மைன்: கேட்டுட்டேன். குடுங்க.

சாந்தமேரி: ஐயோ, அப்பாவும் மகளும் காலையிலயே ஆரம்பிச்சாச்சா? டீயைக் குடிச்சிட்டுச் சண்டை போடுங்க லா.

டொமினிக்: அவன் கிறிஸ்மஸுக்கு வந்தா எங்க படுப்பான்? அந்த ரூம் அப்படியே இருக்கணும்.

ஷார்மைன்: அண்ணன் இருக்கிறது ஒரு மணி நேரத் தூரத்துல செமினியில, சிட்னியில இல்ல. வந்தாலும் சாப்பிட்டுட்டு ராத்திரியே கிளம்பிடுறான். நான் அங்க படுக்கவா கேக்கிறேன்? வீட்டு போனைச் சரி பண்ணணும்.

டொமினிக்: அதான் கீழ நீ வெச்ச புதுப் பெட்டியில சொருகியாச்சே.

ஷார்மைன்: நீங்க சொருகினீங்க. அதான் செத்துக் கிடக்கு.

டொமினிக்: வயர் கச்சிதமா உள்ள போச்சு!

சாந்தமேரி: லோரி ஓட்டின ஆளுல்ல... நுழையுதுன்னா நுழைச்சிட வேண்டியது. அது ரோடா, சந்தான்னு பாக்கிறதில்ல.

டொமினிக்: நீ வேற...

ஷார்மைன்: இது பழைய லைன் இல்லப்பா. இப்ப போனும் இன்டர்நெட்லதான் வருது. மாடியில இருக்கே முதல் ரவுட்டர், நம்ம நம்பரை அதுலதான் போட்டுக் குடுத்திருக்காங்க. கீழ இருக்கிற ரெண்டும் வைஃபையைத் தூரமா கொண்டு போகும். போனுக்கு உதவாது.

டொமினிக்: ஒரு வீட்டுக்கு எதுக்கு மூணு ரவுட்டர்?

ஷார்மைன்: டிகிரி முடிச்ச பொண்ணைச் சமையல்கட்டுக்குப் பின்னால படுக்க வெச்சா மூணு வேணும். முதல் பெட்டி பூட்டின ரூம்ல உக்காந்திருக்கு. அங்க இருந்து சிக்னல் அரிசி டின் வரைக்கும்கூட வராது.

டொமினிக்: வாய்... வாய்...

சாந்தமேரி: சாவியைக் குடுங்களேன். ஈப்போ அக்கா கூப்பிட்டுக் கூப்பிட்டு, நாம எடுக்கலைன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கா.

டொமினிக்: நானே போய் சொருகுறேன். எங்கன்னு சொல்லு.

ஷார்மைன்: நீங்க அந்த ரூமுக்கு அடிக்கடி போறீங்க இல்ல?

டொமினிக்: இடி இடிச்சா போவேன். வயரைக் கழட்டணுமா இல்லையா? எதிர்வீட்டு ஜீவன் டிவி கருகினது மறந்துபோச்சா?

ஷார்மைன்: மறக்கல. கிள்ளான்ல இடி கேட்டா எல்லா வீட்டுலயும் கழட்டுறாங்க. அதை நான் கேக்கல. போன செவ்வாய்க்கிழமை இடி எங்க இடிச்சுது?

டொமினிக்: செவ்வாய்க்கிழமையா...

ஷார்மைன்: என் இன்டர்வியூ அன்னைக்கு. "பினாங்குக்கு எப்ப வர முடியும்?"னு கேட்டாங்க. பதில் சொல்ல வாயைத் திறந்தேன்... லைன் போச்சு.

டொமினிக்: கரண்டு போயிருக்கும்.

ஷார்மைன்: ஃபேன் ஓடிச்சு.

டொமினிக்: தூரத்துல... பந்திங் பக்கம் மின்னிச்சு. நான் பார்த்தேன்.

சாந்தமேரி: அன்னைக்கு நான் மூணு போர்வை துவைச்சுப் போட்டேன். மத்தியானத்துக்குள்ள மொறுமொறுன்னு காஞ்சிடுச்சு.

டொமினிக்: நீ சும்மா இரு சாந்தா!

ஷார்மைன்: சாவி எப்பவும் உங்க பாக்கெட்ல. வேற யாரு உள்ள போயிருக்க முடியும்? என் இன்டர்வியூவைக் கழட்டினீங்கப்பா.

டொமினிக்: பினாங்குல உனக்கு யாரு இருக்கா? ஒருத்தன் போனான், விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போறான். நீயும் போயிட்டா...

ஷார்மைன்: போனவனுக்கு ரூமைப் பூட்டி வெச்சீங்க. இருக்கிறவளை ஆளோட பூட்டப் பாக்கிறீங்க.

டொமினிக்: இந்தக் கிள்ளான்ல, கோலாலம்பூர்ல... வேலையே இல்லையா?

ஷார்மைன்: சாவி.

டொமினிக்: ...இந்தா. அவன் சாமானைத் தொடாத.

ஷார்மைன்: அம்மா! மாடியில இருந்து கத்துறேன், கேக்குதா? போனோட அடிப்பெட்டியை இங்க முதல் ரவுட்டர்ல சொருகிட்டேன். கீழ இருக்கிற கோர்ட்லெஸ் போனைக் கையில எடுங்க!

சாந்தமேரி: பச்சை லைட் எரியுது! பாருங்க, உங்க மக பண்ணிட்டா!

டொமினிக்: ம்... சரி, இறங்கி வந்து சாவியைக் குடு.

ஷார்மைன்: வந்துட்டேன். சாவி கதவுலயே இருக்கு. பூட்டல. வெளிய போய் ஹேண்ட்போன்ல இருந்து கூப்பிடுறேன், நீங்களே எடுத்துப் பேசுங்க.

டொமினிக்: டெஸ்ட் பண்ண எதுக்கு ஷூ?

ஷார்மைன்: ரோடு ஈரம்.

டொமினிக்: ஏன், இங்க இருந்தே கூப்பிட்டா...

ஷார்மைன்: வரேன்ப்பா.

சாந்தமேரி: இந்தாங்க, மணி அடிக்குது... எடுங்க.

டொமினிக்: ஹலோ... ஆமா, கேக்குது. பக்கத்துல நின்னு பேசுற மாதிரியே இருக்கு. சரி, உள்ள வா. டீ ஆறுது.

ஷார்மைன்: வரலப்பா. என் ஃபிரண்டு உஷாராணி கார்ல உக்காந்துட்டேன். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் போய் அங்க ரயில் ஏறணும்.

டொமினிக்: என்ன... எந்த ரயில்? அந்த வேலைதான் போச்சே!

ஷார்மைன்: போச்சுன்னு நான் சொன்னேனா? லைன் போன உடனே பங்சாருக்கு ஓடி, உஷாராணி ஆபீஸ்ல இருந்து மறுபடியும் பேசினேன். திங்கட்கிழமை பினாங்குல வேலையில சேர்றேன்.

டொமினிக்: கையில ஒண்ணும் கொண்டு போகலையே... துணிமணி...

சாந்தமேரி: அதெல்லாம் நேத்து உஷாராணி வந்தப்பவே ஏத்தியாச்சு. மூணு போர்வை யாருக்குத் துவைச்சேன்னு நினைச்சீங்க?

டொமினிக்: ...சாந்தா, நீயுமா?

ஷார்மைன்: அப்பா, போனை வெச்சிடாதீங்க. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கூப்பிடுவேன். இடி இடிச்சா கழட்டுங்க. இல்லாட்டி அந்த வயர் மேல கை வெக்காதீங்க.