குழல் வைத்துப் பார்த்தேன்

நீங்கள் அந்த ஜன்னலோரத்து நாற்காலியில் உட்காருங்கள், டாக்டர். முகத்தில் வெளிச்சம் விழுந்தால் எனக்குப் பேச வசதியாக இருக்கும். காப்பி வரும். என் மனைவி ஞானபாய் சர்க்கரையைக் கொஞ்சம் கூட்டித்தான் போடுவாள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை பெற்றவள் ஒரு மாதத்துக்குள் இறந்துபோனால் சுகாதாரத் துறையிலிருந்து விசாரிக்க ஆள் வரும் என்று எனக்குத் தெரியும். வந்ததில் வருத்தமில்லை. இனயம் கடற்கரை ஊர் சுபிதாவுக்கு இரண்டு முறையும் ஒரே மாத்திரையை ஏன் எழுதினேன் என்றுதானே கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். நானே என்னிடம் பலமுறை கேட்டுக்கொண்ட கேள்வியும்கூட.

அது நல்ல மாத்திரை. அமாக்சிசிலின் கிருமியைக் கொல்லும். சில கிருமிகள் அதையே உடைத்துப்போடும் சாமர்த்தியம் படைத்தவை. கூடச் சேர்த்திருக்கிற கிளாவுலனேட் அந்த உடைப்பைத் தடுத்து அமாக்சிசிலினைக் காப்பாற்றும். தனியாகக் கொடுத்தால் அதனால் பெரிய பிரயோஜனம் கிடையாது. இரண்டும் சேர்ந்தால் தொண்டை, காது, நெஞ்சு, தோல் என்று எங்கே சீழ் பிடித்தாலும் பலன் தெரியும். காலையும் இரவும் சாப்பிட்டபின் போடவேண்டும். சிலருக்கு வயிறு இளகும், கஞ்சித்தண்ணீர் குடிக்கச் சொல்லுவேன். சாதாரண சளிக்காய்ச்சலுக்கு அது ஒன்றும் செய்யாது என்பதும், கண்டபடி கொடுத்தால் கிருமி பழகிவிடும் என்பதும் எனக்குத் தெரியாததல்ல. எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் இதைப் பற்றி அரைமணி நேரம் பேசியிருக்கிறேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

கொரோனாவுக்கு முந்தின வருடம் ஒருநாள் வரவேற்பறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஞானபாய் தோட்டத்திலிருந்து ஓடிவந்தாள். "குக்கர் கெடந்து கூவுது, உங்களுக்குக் கேக்கல்லியா?" என்றாள். பேப்பரில் கவனமாக இருந்தேன் என்றேன். அவளும் அதை நம்பினாள், அல்லது நம்பியதுபோல இருந்தாள். பிறகு திருவனந்தபுரத்தில் என்னைத் தெரியாத ஓர் இடத்துக்குப் போய்ப் பரிசோதித்தேன். இரண்டு காதும் போய்க்கொண்டிருக்கிறது, மெஷின் வைக்கலாம் என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். சத்தத்தைக் கூட்டித்தரும் ஸ்டெதாஸ்கோப் கிடைக்கிறது என்பதும் தெரியும். பார்க்கிறவர்கள் இது என்ன புதுசாக இருக்கிறது என்று கேட்பார்கள். காதில் மெஷின் மாட்டின டாக்டரிடம் யார் நெஞ்சைக் காட்டுவார்கள், சொல்லுங்கள்.

இந்தப் பக்கம் ஸ்டெதாஸ்கோப்பைக் குழல் என்பார்கள். குழல் வைக்காமல் மருந்து எழுதினால் மனம் ஆறாது. "டாக்டரு கொழலே வச்சுப் பாக்கல்ல" என்று மார்த்தாண்டத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறிவிடுவார்கள். ஆகவே நான் வைத்தேன். கண்ணை மூடிக்கொள்வேன். ஆழமாக மூச்சு விடச் சொல்வேன். முதுகில் நாலு இடம், நெஞ்சில் நாலு இடம். கூட வந்தவர்களும் மூச்சடக்கி நிற்பார்கள். எனக்கு ஒன்றும் கேட்காது. பிறகு அந்த மாத்திரையை எழுதுவேன். நிமோனியாவா, வெறும் சளியா என்று பிரித்தறியக் காது வேண்டும். எதுவானாலும் ஒரு கை பார்க்கிற மாத்திரை இருக்கும்போது பிரித்தறிய வேண்டிய அவசியம் என்ன என்று நினைத்தேன். பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே சரியாகிவிடும். பெயர் எனக்குக் கிடைக்கும். சத்தியநேசன் டாக்டருக்குக் கைராசி என்று இனயம் வரைக்கும் பேச்சு.

சுபிதாவை அவளுக்குப் பல் முளைக்காத காலத்திலிருந்தே தெரியும். அவள் அம்மா சகாயசெல்வி மீன் விற்கிறவள். எங்கள் அடுக்களை வாசலில் மீன்பெட்டியை இறக்கிவிட்டு, இடுப்பில் இருக்கிற பிள்ளையை என்னிடம் காட்டிவிட்டுத்தான் மற்ற வீடுகளுக்குப் போவாள். அந்தப் பிள்ளை வளர்ந்து நர்சிங் படித்தது, கல்யாணம் செய்தது, பெண் குழந்தை பெற்றது. கல்யாணத்தில் நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவள் மேல் எனக்குப் பாசம் உண்டு. இதை என் சௌகரியத்துக்காகச் சொல்லவில்லை.

முதல்முறை வந்தபோது குழந்தை அவள் மடியில் வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அழுவது வாயின் அசைவில் தெரிந்தது, கொஞ்சம் சத்தமும் கேட்டது. அந்த இரைச்சலுக்குள் சுபிதா பேசினாள். குனிந்து குழந்தையைத் தட்டிக்கொண்டே பேசியதால் உதடு சரியாகத் தெரியவில்லை. இருமல் என்று பிடிபட்டது. ராத்திரி என்றும் பிடிபட்டது. ராத்திரி இருமல் என்று சேர்த்துக்கொண்டு தலையாட்டினேன். குழல் வைத்துப் பார்த்தேன். நெஞ்சுச்சளி, பயப்பட ஒன்றுமில்லை என்று மாத்திரை எழுதினேன். பால் கொடுக்கிறவளுக்கும் அது கொடுக்கலாம். அதுவரை நான் செய்தது, எப்போதும் செய்கிறதுதான்.

பேறுகாலத்தை ஒட்டிச் சில பெண்களுக்கு இதயத்தசை தளர்ந்துபோகும். நுரையீரலில் நீர் சேரும். படுத்தால் மூச்சு முட்டும். காது உள்ளவர் குழல் வைத்தால் நுரையீரலின் அடியில் மெல்லிய நொறுநொறுப்பும், இதயத்தில் வழக்கமான இரண்டோடு மூன்றாவதாக ஒரு துடிப்பும் கேட்கும். நீங்கள் கேட்டிருப்பீர்கள். நானும் ஒருகாலத்தில் கேட்டவன்தான். குதிரை நடப்பதுபோல இருக்கும். அதைக் கேட்டுக் கண்டுபிடித்து, நான் அனுப்பிவைத்த பெண்கள் இரண்டுபேர் இன்னும் கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுவருகிறார்கள்.

மாத்திரை தீர்ந்தபின் மறுபடி வந்தார்கள். குறையவில்லை. சகாயசெல்வி மேஜைக்கு இந்தப் பக்கமாக வந்து, என் முகத்துக்கு நேராக நின்று கேட்டாள். "டாக்டரே, இவள மார்த்தாண்டத்துக்குக் கொண்டுபோயி ஒரு ஸ்கேன் எடுக்கட்டா? பச்ச உடம்பு பாத்தியளா, எனக்குப் பேடியா இருக்கு."

வேண்டாம் என்றேன். "இன்னும் ஒரு கோர்ஸ் முடியட்டும் சகாயம், சளி உள்ள இறுகிக் கெடக்கு" என்றேன். அவள் முகத்திலிருந்த பயம் அந்த நிமிடமே இறங்கியது. சுபிதா என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். அந்தச் சிரிப்பை நான் ஒருநாளும் மறந்ததில்லை.

அந்தக் கோர்ஸ் முடியவில்லை. கடைசி ராத்திரி அவள் படுக்கவே முடியாமல், அம்மாவின் தோளில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்திருக்கிறாள். விடியும்போது உதடு நீலமாகிவிட்டது என்று வண்டி பிடித்திருக்கிறார்கள். மார்த்தாண்டம் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்தது. புருஷன் டெனிஷ் ஆழ்கடலில் இருந்தான். அவன் கரைக்கு வந்துசேர்ந்தபோது அடக்கம் கழிந்து மண் காய்ந்துபோயிருந்தது.

அடக்கத்துக்கு நான் போனேன். சகாயசெல்வி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "படுத்தா மூச்சு முட்டுதுன்னு அவ மொதல்லயே ஒங்ககிட்ட சொன்னாளே டாக்டரே, நீங்களும் தலையாட்டினியளே" என்றாள். அதை அவள் குற்றமாகச் சொல்லவில்லை. அடுத்தாற்போல், "ரண்டு தடவ வலிய மருந்து தந்தியளே, இதுக்குமேல நீங்க என்ன செய்வியோ, கர்த்தரு விளிச்சுட்டாரு" என்று அழுதாள். அப்போதுதான் சுபிதா அன்று சொன்னது இன்னது என்று எனக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து, எனக்குக் காது கேட்பதில்லை என்று ஞானபாயிடம் மட்டும் சொன்னேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசும்போது முகத்தைத் திருப்பாமல், மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து பேசுகிறாள். அதைத் தாங்கத்தான் முடியவில்லை.

போன வாரம் சகாயசெல்வி அந்தக் குழந்தையைச் சளி என்று தூக்கிக்கொண்டு வந்தாள். தாயில்லாப் பிள்ளை, என் கைராசியை நம்பி வந்திருக்கிறது. வேறு டாக்டரிடம் போ என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் என்று கேட்பாளே. குழல் வைத்துப் பார்த்தேன். அதே மருந்தை சிரப்பாக எழுதினேன். நீங்கள் இங்கிருந்து நேராக இனயத்துக்குப் போய் அந்தப் பிள்ளையை ஒருமுறை பாருங்கள். எனக்காக இதைச் செய்யவேண்டும்.

ஆக, காரணம் என் காது. அதை மறைத்தது தப்பு. அதற்கு என்ன நடவடிக்கை உண்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பதிவை ரத்து செய்தாலும் சரி.

என்ன கேட்டீர்கள், இன்னொருமுறை சொல்லுங்கள். சரி, காலில் வீக்கம் இருந்ததா என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் முதலில் கேட்டபோதே எனக்குப் புரிந்தது, டாக்டர். உங்கள் உதடு நல்ல வெளிச்சத்தில் இருக்கிறது. திரும்பக் கேட்க வைத்தது ஒரு பழக்கம்.

இரண்டாம் முறை வந்தபோது சுபிதா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். பாதத்தில் செருப்பு வார் பதிந்து ஆழமாகத் தடம் கிடந்தது. நாற்காலியில் சாயாமல் முன்னுக்குக் குனிந்தே உட்கார்ந்தாள். கழுத்து நரம்பு தாடைவரை புடைத்துத் துடித்தது. விரலால் காலை அழுத்திப் பார்க்க வேண்டும். நான் அழுத்தவில்லை. நீர் கோத்த கால், அழுத்தினால் குழி விழும். குழி விழுந்தால் அவளை உடனே அனுப்பவேண்டும். அனுப்பினால் மார்த்தாண்டத்தில் யாராவது ஒரு சின்ன டாக்டர் குழலை வைத்த நிமிடத்தில் கேட்டுவிடுவார். இதை முதலில் பார்த்தது யார், அவருக்கு இது கேட்கவில்லையா என்று விசாரிப்பார். சளி என்று நான் எழுதிய சீட்டு அவர் கையில் இருக்கும். அவள் இதயம் தளர்ந்திருக்கிறது என்று எனக்கு அப்போதே தெரியும். இன்னும் நாலைந்து நாள் தாங்குவாள், அதற்குள் ஏதாவது சாக்கு சொல்லி அனுப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். போட்டுக்கொண்டே அந்த மாத்திரையை எழுதினேன்.

காது போனது உண்மைதான். கண்ணுக்குக் குறையில்லை. போன வருடம்தான் புரை எடுத்து லென்ஸ் வைத்தேன். அந்தச் செருப்பு வாரின் தடம் எனக்குத் தெளிவாகவே தெரிந்தது.