கேட்டுக்கும் அவனுக்கும் நடுவில்

இந்த நாற்காலி ஒரு பக்கமாக ஆடுகிறது, சார். காலுக்கு அடியில் ஓர் அட்டையை மடித்து வைத்தால் நின்றுவிடும். எதையும் ஆடவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு வராது.

எங்கள் பட்டறையில் இருப்பது பழைய வெல்டிங் ரோபோ. ஆள் உயரத்துக்கு மேல் ஒற்றைக் கை. ஒரு தொழிற்சாலை கழித்துப் போட்டதை நானும் தம்பியும் லாரியில் ஏற்றிவந்தோம். அதன் மூளை செத்திருந்தது. இணையத்தில் சும்மா கிடைக்கிற ஓபன் சோர்ஸ் மென்பொருளைப் போட்டு நான்தான் உயிர் கொடுத்தேன். அதை யாரும் திறந்து பார்க்கலாம், இஷ்டத்துக்கு மாற்றி எழுதலாம். கை எங்கே போய்ச் சேர வேண்டும் என்று சொன்னால் போதும். எதிலும் இடிக்காமல் வழியை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். அதைச் சுற்றிக் கம்பிக்கூண்டு, அதற்கு ஒரே ஒரு கேட். உள்ளே ஆள் நுழைந்தால் கேமராவில் பார்த்து அப்படியே நின்றுவிடும். அவ்வளவு சமர்த்து.

அம்மா அப்பா போன பிறகு தம்பியை வளர்த்தது நான். சோறு ஊட்டினேன், படிக்க வைத்தேன், தொழிலைக் கையில் கொடுத்தேன். எனக்கென்று ஒரு கல்யாணம்கூட வேண்டாம் என்றிருந்துவிட்டேன். அவனோ ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, "அண்ணா, வெளியூர்ல வேலை கிடைச்சிருக்கு. அவளும் வர்றா. அங்கேயே கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்" என்றான். தண்ணீரை அவன் பக்கம் நகர்த்தி வைத்தேன். கோபமே வரவில்லை.

கிளம்பும் நாள் காலையில், "போறதுக்கு முன்னால ரோபோ கையோட முனையைத் துடைச்சுக் கொடுத்துட்டுப் போடா" என்றேன். பெட்டியை வாசலில் வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கூண்டுக்குள் போனான். மென்பொருளில் நான் மாற்றியிருந்தது சில வரிகள்தான். ஆள் வந்தால் நிற்காதே. அவன் எங்கே நகர்ந்தாலும் அவனுக்கும் கேட்டுக்கும் நடுவில் போய் நில்.

இடப்பக்கம் நகர்ந்தான்; கை வந்து நின்றது. வலப்பக்கம் ஓடினான்; அவனுக்கு முன்பே அது வந்துவிட்டது. உள்ளே இருந்த எமர்ஜென்சி பட்டனை அடித்து அடித்துப் பார்த்தான். அதன் வயரை முன்னமே கழற்றிவிட்டிருந்தேன்.

"அண்ணா, விளையாடாத. ரயிலுக்கு நேரமாச்சு."

"ரயில் போகட்டும்டா. அப்புறம் திறந்துவிடுறேன்."

அவ்வளவுதான் சார் என் திட்டம். வெளியே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவன் நடை பழகிய கதையெல்லாம் சொன்னேன். முதலில் திட்டினான், பிறகு அழுதான். பெட்டிமேல் இருந்த அவன் போன் அடித்துக்கொண்டே இருந்தது. சட்டென்று தரையோடு படுத்து ஊர்ந்தான். கேமராவின் பார்வை அவ்வளவு தாழ்வாக எட்டாது. ஆள் போய்விட்டான் என்று நினைத்த கை, ஓய்வு நிலைக்கு இறங்கத் தொடங்கியது. அவன் இடுப்பின் மேல்.

அதை நிறுத்தும் இன்னொரு பட்டன், ரிமோட்டில், என் மடியில் இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். கை மெதுவாகத்தான் இறங்கும். அழுத்த நேரம் தாராளமாக இருந்தது. அழுத்தியிருந்தால் அவன் ஊர்ந்து வெளியே வந்திருப்பான். ரயிலும் கிடைத்திருக்கும்.

இப்போது வீட்டில்தான் இருக்கிறான். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அந்தப் பெண் பலமுறை வந்தாள்; "அவன் யாரையும் பார்க்க விரும்பலைம்மா" என்று வாசலோடு அனுப்பிவைத்தேன். கடைசியில் உங்களையே கூட்டிவந்துவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவன் உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டானாமே. பேசினானே, அதுவே எனக்கு நிம்மதி.

இந்த வாக்குமூலத்தில் கையெழுத்து எங்கே போட வேண்டும், சொல்லுங்கள். அவனைத் திருப்பிப் படுக்கவைக்கும் நேரமாகிறது. என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள், சார்?