பத்துமலை அண்ணனின் போனில் என் பேத்தி

நான் எழுந்ததுமே கைக்கடிகாரத்தைப் பார்க்கும் தலைவர் அவர்களே! ஆயர் தாவாரிலிருந்தும் தாப்பாவிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் எங்கள் பழைய தோட்டத்துப் பெரியோர்களே! பெற்றெடுத்த பெருமையோடு வீற்றிருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் முறுவலிக்கும் என் பக்கத்து வீட்டுப் பத்துமலை அண்ணே! குனோங் ராபாட் லோரிக்காரன் சன்னாசியின் வணக்கம்.

‘தொழில்நுட்பமும் தமிழரும்’ என்று தலைப்புக் கொடுத்தார்கள். தொழில்நுட்பம் எனக்கு என்ன தந்தது? வயிற்றெரிச்சல் தந்தது! சிரிக்காதீர்கள். யார்மேல் எரிச்சல்? இதோ அமர்ந்திருக்கிறாரே, இவர்மேல்தான்!

ஜொகூரில் இருக்கிறாள் என் மகள் ஷர்மினி. அவள் பெற்ற பேத்தியைப் பார்க்கத்தான் புத்தம் புதுப் போன் வாங்கினேன். வந்தது ஆயுத பூசை. லோரிக்குச் சந்தனம், ஸ்பேனருக்குச் சந்தனம். போனை விடுவேனா? முன்னும் பின்னும் மேலும் கீழும் குழைத்துக் குழைத்துப் பூசினேன்! பூசைப் பொட்டை அழிப்பது பாவமென்று துடைக்கவுமில்லை.

மறுநாள் மகள் அழைத்தாள். “அப்பா, ஒண்ணுமே கேக்கல லா! மூஞ்சியும் மங்கலா இருக்கு. நான் பத்துமலை மாமாவுக்குப் போன் அடிக்கிறேன்.” வைத்துவிட்டாள்.

டவர் சரியில்லை என்றேன். எங்கள் ஊர்ச் சுண்ணாம்பு மலை மறைக்கிறது என்றேன். லோரியின் முதுகில் ஏறி நின்று ஹலோ, ஹலோ என்று அலறினேன்!

பக்கத்து வீட்டிலோ, கண்ணாடி கீறிய பழைய போனில் அண்ணன் பேத்தியைக் கொஞ்சுகிறார். யார் பேத்தியை? என் பேத்தியை! என் மனைவி முத்தம்மாவும் அங்கே போய் உட்கார்ந்துகொண்டாள். “வாங்களேன், பிள்ளைக்குப் பல்லு மொளைச்சிருக்கு!” என்று வேலிக்கு மேலே கூப்பிட்டாள். போவேனா? இரவல் போனில் என் இரத்தத்தைப் பார்ப்பேனா? இந்தப் பக்கமே நின்று பொருமினேன், புழுங்கினேன், பற்றி எரிந்தேன்! என்னம்மா, ஒட்டுக் கேட்டேனா என்கிறீர்களா? கேட்டேன் தாயே, கேட்டேன்.

சென்ற வாரம் ஈப்போவில் ஒரு கடையில் போனைக் கொடுத்தேன். கடைக்காரப் பெண் பல்குச்சியால் கிண்டினாள். “அலாமாக், அங்கிள்! பேசுற ஓட்டையில சந்தனம் காஞ்சு கல்லாயிருக்கு. கேமராவிலயும் அப்பி வச்சிருக்கீங்க!”

டவர் என்ன செய்யும்? மலை என்ன செய்யும்? நான் கும்பிட்ட கும்பிடல்லவா என் குரலை அடைத்தது!

வீட்டுக்கு ஓடிவந்து அழைத்தேன். திரையில் என் தங்கம்! “தாத்தாடா செல்லம், தாத்தா!” என்றேன். பேத்தி என்னைப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கி அழுதாள். அந்த நேரம் பார்த்து என் தோளுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார் பத்துமலை அண்ணன். “தா... த்தா!” என்று கை தட்டிச் சிரித்தாள்.

தாய்மார்களே, அது என் சொல் அல்லவா? எனக்கென்று முளைத்த சொல் இன்னொருவர் மடியில் விழுந்ததே! பொறாமையா? ஆம், பொறாமைதான்! இந்த நிமிடம்வரை ஆறவில்லை.

ஆகவே சொல்கிறேன். கருவியைக் கும்பிடுங்கள், கும்பிட்டபின் துடையுங்கள்! போன் கெட்டால் வேலியைத் தாண்டிப் போங்கள்! இரவல் போன் என்றால் என்ன? பிள்ளை நம் பிள்ளை! மானம் பார்த்து நின்ற மனிதனைப் பேத்திக்கு அடையாளம் தெரியவில்லை ஐயா!

தைப்பூசத்துக்கு மகள் வருகிறாள். வாசலில் இரண்டு கிழவர்கள் கை நீட்டினால், பேத்தி யாரிடம் தாவுவாள்? பத்துமலை அண்ணே, சபை அறியக் கேட்கிறேன். அன்று ஒருநாள், ஒரே ஒருநாள், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருங்கள்!

பொறாமைக்காரனையும் பொறுமையாகக் கேட்ட சபைக்கு நன்றி. வணக்கம்!