மூன்று கிளைக் குழாய்

கடல் தண்ணீரைப் பேருந்தில் கொண்டுவருவதில் ஒரே ஒரு சிரமம்தான். கேனின் மூடி. எவ்வளவு இறுக்கினாலும் செஞ்சி தாண்டுவதற்குள் ஒரு டம்ளர் தண்ணீர் சிந்திவிடும். சைக்கிள் டியூப்பை வட்டமாக வெட்டி மூடிக்குள் வைத்த பிறகு ஒரு சொட்டுக்கூடச் சிந்தியதில்லை. தண்ணீர் சிந்துவது எனக்குப் பிடிக்காது, ஐயா. முதலில் இதை எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் மாறன். வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் வரைவாளர். ஆசிரமத்துக்குப் பின்னால் உள்ள தெருவில் தங்கம்மாள் வீட்டு மாடியில் ஆறு வருடமாகக் குடியிருக்கிறேன். கீழே அவர் தனியாக இருந்தார். மேலே நான். அவருடைய மகன் விமல்ராஜ் சென்னையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துபோவார்.

1999-இல் மீன்தொட்டி வைத்தேன். நல்ல தண்ணீர் மீனை யார் வேண்டுமானாலும் வளர்க்கலாம். கடல் மீனுக்குக் குழாய் வேலை தெரிய வேண்டும். மேலே நாலடிக் கண்ணாடித் தொட்டி. மேசைக்குள் இன்னொரு சிறிய தொட்டி. மேலே நிரம்பி வழியும் தண்ணீர் ஒரு குழாயில் கீழே இறங்கும். வடிகட்டியதும் ஒரு மோட்டார் அதை இன்னொரு குழாயில் மேலே ஏற்றும். கரண்ட் போனால், ஏற்றிய குழாய் வழியாகவே தண்ணீர் திரும்பி இறங்கும். சிறிய தொட்டி கொள்ளாது. தரை வெள்ளமாகும். அதற்காக, மேல்தொட்டியின் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அந்தக் குழாயில் ஓர் ஊசித் துளை போடுவார்கள். மட்டம் கொஞ்சம் இறங்கியதும் துளை வழியே காற்று புகும். தண்ணீர் அத்துடன் நின்றுவிடும். என் தொட்டியில் மிகப் பெரிய பாதுகாப்பு அந்தத் துளைதான்.

எல்லாவற்றையும் தாளில் வரைந்து, மூலையில் தேதி போட்டு, பிறகுதான் பைப்பை வெட்டினேன். தேதி இல்லாத வரைபடத்தை எங்கள் அலுவலகத்தில் யாரும் கையில் வாங்க மாட்டார்கள். பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. பித்தளை வால்வு போடவில்லை. பித்தளையில் செம்பு இருக்கிறது. செம்பு கடல் உயிர்களுக்கு விஷம். எல்லாம் பிளாஸ்டிக். உயிர் விஷயத்தில் நான் அலட்சியமாக இருந்ததே இல்லை.

மாதம் இருமுறை பாண்டிச்சேரி போய் இரண்டு கேன் தண்ணீர் கொண்டுவருவேன். ஒருமுறை கண்டக்டர் முகர்ந்து பார்த்தார்.

"இன்னாது சார் இது?"

"கடல் தண்ணி. மீனுக்கு."

"எல்லாரும் அங்கேர்ந்து மீன வாங்கினு வருவாங்க. நீங்க மீன வுட்டுட்டு தண்ணிய எடுத்துனு வர்றீங்களே!"

பேருந்து முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டில் எனக்காகக் காத்திருந்தவை இரண்டு கோமாளி மீன்கள். ஆரஞ்சு உடம்பு, வெள்ளைப் பட்டை. பெண் பெரியது. ஆண் அதன் பின்னாலேயே போகும். சாவி திருப்பும் சத்தம் கேட்டால் இரண்டும் கண்ணாடியின் வலது மூலைக்கு வந்து நிற்கும். எனக்காக எழுந்து வந்து நின்றவர்கள் வேறு யாரும் இல்லை.

2001 ஆனியில் தங்கம்மாள் மாடிப்படியின் கீழே நின்று கூப்பிட்டார்.

"தம்பி, மாடிய வெள்ளக்காரங்களுக்கு வுடலாம்னு பையன் சொல்றான். ஆவணில காலி பண்ணிக் குடு."

"தொட்டிய நகர்த்த முடியாதும்மா. தண்ணி பக்குவத்துக்கு வரவே ஆறு மாசம் ஆகும். கலங்குனா மீன் செத்துடும்."

"செத்தா கொழம்பு வை."

அவர் கெட்டவர் அல்ல. எதற்கும் உடனே பதில் சொல்பவர்.

அந்த மாதமே என் கீழ்த்தொட்டியின் இணைப்பு ஒன்று கசிய ஆரம்பித்திருக்கிறது. மேசைக்குப் பின்னால், தரை ஓரத்தில். எனக்குத் தெரியாது. ஆடி இரண்டாம் வெள்ளி காலை கீழேயிருந்து சத்தம்.

"மாறா! ஓடியா! சாமி வந்துட்டாரு!"

பூஜை அறையில் அண்ணாமலையார் படத்தைச் சுற்றிச் சுவர் முழுக்க வெள்ளை வெளேரென்று பொடி பூத்திருந்தது. தங்கம்மாள் வழித்து நெற்றியில் இட்டுக்கொண்டார். ஒரு சிட்டிகை வாயில் போட்டார்.

"கரிக்குதுப்பா. எங்க வூட்டுக்காரர் போனப்ப நான் அழுத அழுகையெல்லாம் சாமி சேத்து வெச்சி திருப்பித் தர்றாரு."

நான் அண்ணாந்து பார்த்தேன். படத்துக்கு நேர் மேலே என் கீழ்த்தொட்டி. கடல் தண்ணீர் சுவரில் இறங்கிக் காய்ந்தால் உப்புதான் மிஞ்சும். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ எங்கயும் போவாத. நீ இருக்கறப்ப வந்துருக்காரு. பையன்கிட்ட நான் பேசிக்கறேன். வூட்ல ஒரு ஆணியக்கூட அசைக்கக் கூடாது."

வாயை மூடிக்கொண்டேன். மேலே போய்க் கசிவை அடைத்தேன். சொன்னேனே, சிந்துவது எனக்குப் பிடிக்காது.

ஒன்பது நாளில் சுவர் காய்ந்தது. துடைத்த இடத்தில் மறுபடி பூக்கவில்லை. பத்தாம் நாள் படிக்கட்டில் குரல் கேட்டது.

"உன் மோட்டார் சத்தத்துலதான் சாமி போயிட்டாரு. ஆவணில காலி பண்ணு."

அன்று மாலை மருந்துக் கடையில் குளுக்கோஸ் ஏற்றும் டியூப் ஒன்று வாங்கினேன். அதில் ஒரு சிறு சக்கரம் இருக்கும். விரலால் உருட்டினால் துளிகளைக் கூட்டலாம், குறைக்கலாம். கடைக்காரர் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். வீட்டுக்கார அம்மாவுக்கு என்றேன். அப்போது அது உண்மை அல்ல.

கீழ்த்தொட்டியிலிருந்து தரை ஓரத்துக்கு இழுத்து, பத்து விநாடிக்கு ஒரு துளி வைத்தேன். ஐந்தாம் நாள் சாமி திரும்பி வந்தார். தங்கம்மாள் எனக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பினார்.

பௌர்ணமிக்கு முந்தைய மூன்று நாள் மட்டும் ஏழு விநாடிக்கு ஒரு துளி. கிரிவலம் வரும் கூட்டத்தில் பாதி எங்கள் தெருவுக்குள் நுழையும். ஐப்பசிப் பௌர்ணமிக்கு நீங்களும் வந்தீர்கள், ஐயா. பொடியைப் பொட்டலம் கட்டி வாங்கிப் போனீர்கள். உங்கள் வீட்டில் யாருக்கும் பிரஷர் இல்லை என்று நம்புகிறேன்.

தங்கம்மாளுக்கு இருந்தது. புரட்டாசியில் தலைசுற்றல். கால் வீங்கியது. இதயம் பலவீனமாக இருக்கிறது, உப்பை அறவே நிறுத்த வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருமகள் கீர்த்தனா சென்னையிலிருந்து வந்து கூடவே தங்கினார். பொறுப்பான பெண். உப்பு ஜாடி, ஊறுகாய், அப்பளம் எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். மாமியாருக்கு உப்பில்லாத கஞ்சி. கூடவே, மருந்தைவிட நம்பிக்கையோடு, காலையும் மாலையும் மோரில் ஒரு ஸ்பூன் சுவர்த் திருநீறு.

நான் எச்சரிக்காமல் இல்லை. ஒரு நாள் பூஜை அறை வாசலில் நின்று சொன்னேன்.

"நெத்தியில மட்டும் வைங்கம்மா. உள்ளுக்குச் சாப்பிட வேணாம்."

கீர்த்தனா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க இன்னா டாக்டரா சார்? சாமி குடுக்கறத வேணாம்னு சொல்றீங்க?"

அதற்கு மேல் ஒரு குடியிருப்பவன் என்ன சொல்ல முடியும்?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடல் தண்ணீர் லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் உப்பு. சுவர் குடித்தது போகச் சில கிராம் அவருக்குப் போய்ச் சேரும். சக்கரத்தை ஒரு விரலால் மூடியிருக்கலாம். யோசித்தேன். மூடினால் அவருக்கு உடம்பு தேறும். உடம்பு தேறினவர்களுக்கு எல்லாம் நினைவுக்கு வரும். காலி பண்ணு என்று சொன்னதும் வரும்.

நவம்பர் பதினொன்று, ஞாயிறு. கீர்த்தனாவும் விமல்ராஜும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். தங்கம்மாள் முதல்முறையாக மாடி ஏறி வந்தார். ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து எழுந்து. நாற்காலியில் சாய்ந்து மூச்சு வாங்கினார். மீன்கள் வலது மூலைக்கு வந்தன. அவர் கொஞ்ச நேரம் அவற்றைப் பார்த்தார். பிறகு தொட்டிக்குள் விரலை விட்டு நக்கினார்.

"இதே ருசிதான்."

கை துடைக்கத் துண்டை நீட்டினேன். அவர் தொடர்ந்தார்.

"மொத நாளு சாமினுதான் நெனச்சேன். மோர்ல கலக்கிக் குடுத்தா பாரு, அப்ப தெரிஞ்சிடுச்சி. நாப்பது வருசமா சோறாக்கறவளுக்கு உப்பு தெரியாதா?"

"ஏம்மா யாருகிட்டயும் சொல்லல?"

"உப்பில்லாத கஞ்சி குடிச்சிருக்கியா நீ?"

"இல்லம்மா."

"அப்ப பேசாத." சிரித்தார். இருமல் வந்தது. "அவ என்னமோ பீரோவப் பூட்டிட்டேன்னு மெதப்புல இருக்கா. அவ கையாலயே கலக்கித் தர்றா."

அன்று எங்களுக்குள் சண்டை இல்லை. அதற்கு முன்பும் பின்பும் என் வீட்டில் ஒருவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

"தீபம் முடிஞ்சதும் என்ன மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். இந்த வூட்ட இடிச்சிட்டு லாட்ஜ் கட்டப் போறானாம். சாமி படத்த புது வூட்ல மாட்டிக்கலாம்னு சொல்றான். அங்க எனக்கு யாருப்பா உப்பு தருவா?" எழுந்து நின்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். "போற வரைக்குமாவது கொஞ்சம் ஜாஸ்தி வுடு. கம்மியா வருது."

கையைப் பிடித்துப் படியில் இறக்கிவிட்டேன். மேலே வந்து வால்வைத் திறந்தேன்.

டியூப்பின் துளியைக் கூட்டினால் சுவர் ஈரமாகும். காயாது. பொடியும் வராது. அதனால் அரை அங்குலக் குழாய், மூன்று கிளை, தரை ஓரத்தில் மூன்று துளை. ஒவ்வொரு கிளையிலும் மெதுவாக விட்டால் சுவரின் மூன்று இடத்தில் தண்ணீர் பரவும். சீக்கிரம் காயும். மூன்று மடங்கு கிடைக்கும். வேலை சுத்தமாக இருந்தது. நீங்களே பார்த்தீர்கள்.

பதின்மூன்று நாள். நவம்பர் இருபத்து நாலாம் தேதி காலை தங்கம்மாள் பூஜை அறையில் படத்துக்குக் கீழே கிடந்தார். முகம் அமைதியாக இருந்தது. நாக்கில் வெள்ளைப் பொடி. அண்ணாமலையார் பக்கத்திலேயே கூப்பிட்டுக்கொண்டார் என்று தெருவே சொன்னது. பெரிய பாக்கியம் என்றார்கள். விமல்ராஜ் சுவரைத் தொட்டுக் கும்பிட்டு அழுதார். லாட்ஜ் பேச்சு அன்றோடு நின்றது. காரியம் முடிந்த அன்று என்னிடம் வந்தார்.

"நீங்க இருங்க சார். அம்மாவுக்கு நீங்கன்னா உசுரு. வூட்ல ஒரு ஆணியக்கூட அசைக்க மாட்டேன்."

மீன்களுக்கு அன்று கூடுதலாக ஒரு சிட்டிகை தீனி போட்டேன். கொண்டாட்டம் அல்ல. மனசு சரியில்லாதபோது அப்படிச் செய்வேன்.

பிறகு நடந்தது என் தவறு. ஒப்புக்கொள்கிறேன். அந்த ஊசித் துளையில் உப்புப் படியும். வாரம் ஒருமுறை ஊசியால் குத்திவிட வேண்டும். சாவு வீடு, தீபக் கூட்டம், வருவோர் போவோர். மூன்று வாரம் மறந்துவிட்டேன். மார்கழி பிறந்த மறுநாள், திங்கட்கிழமை, நான் அலுவலகத்தில் இருக்கும்போது கரண்ட் போனது. துளை அடைத்துக் கிடந்தது. காற்று புகவில்லை. மேல்தொட்டித் தண்ணீர் பெருமளவும் இறங்கிக் கீழ்த்தொட்டி வழிந்து, மூன்று துளை வழியாகவும் கொட்டியிருக்கிறது. கீழே விமல்ராஜ் அம்மா படத்துக்குப் பூப் போட்டுக்கொண்டிருந்தார். முதலில் கங்கை என்று நினைத்துத் தலையில் தெளித்துக்கொண்டாராம். பிறகு அதில் கடல்பாசி மிதப்பதைப் பார்த்து மாடிக் கதவை உடைத்தார்.

துளையைக் கவனிக்காதது மன்னிக்க முடியாத அலட்சியம். அந்த ஆண் மீன் தண்ணீர் இல்லாமல் துடித்திருக்கும். பெண் மீன் ஆழத்தில் நின்று பிழைத்தது என்று உங்கள் கான்ஸ்டபிள் சொன்னார். தயவுசெய்து மோட்டாரை ஓடவிடச் சொல்லுங்கள்.

மற்றபடி என் மேல் குற்றம் எதுவும் தெரியவில்லை. வயதான பெண்மணி. ஆசையாக ஒன்று கேட்டார். கொடுத்தேன்.

ஆமாம், உங்கள் கையில் இருப்பது அந்த மூன்று கிளைக் குழாயின் வரைபடம்தான். என் கையெழுத்துதான். மூலையில் தேதி இருக்கிறது. 4.11.2001. அவர் மாடி ஏறி வந்தது பதினொன்று. நான்காம் தேதி ஞாயிறு விமல்ராஜ் என்னிடம் லாட்ஜ் விஷயத்தைச் சொன்னார். அம்மாவைச் சம்மதிக்க வைத்துவிடலாம், அதில் கஷ்டம் இல்லை, அவர் இந்த வீட்டிலேயே கண்ணை மூடியிருந்தால்தான் இடிக்க மனசு வராது என்றார். அன்று மாலை வரைந்தேன். ஏழாம் தேதிக்குள் பைப்பை ஒட்டிக் காயவைத்துவிட்டேன்.

ஆனால், ஐயா, அவராக வந்து கேட்கும்வரை வால்வைத் திறக்கவில்லை. நான்கு நாள் காத்திருந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.